தண்ணீர் பார்த்து நடந்தவர்கள்

சென்ற பெருநாள் விடுமுறையில் என் தங்கையின் மகன் அக்குறணைக்கு வந்திருந்தான். கொழும்பில் கணினித்துறையில் வேலை. ஊருக்கு வந்தால் தூங்கிக் கழிப்பவன், இம்முறை முன்னறையில் ஒரு கொப்பியை விரித்துவைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா, நாங்க நாலு பேர் ஹந்தானையில இருந்து நுவரெலியாவுக்கு நடக்கப் போறோம்” என்றான்.

பஸ்ஸில் போனால் மூன்று மணித்தியாலத்தில் முடிகின்ற பயணம். அதை ஏன் நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பீக்கோ வழி என்ற பெயரில் அப்படியொரு நடைவழி சில ஆண்டுகளுக்கு முன் திறக்கப்பட்டதை அறிந்திருந்தேன். ஹந்தானையில் தேயிலை அரும்பொருட்சாலைப் பக்கம் தொடங்கி, கலஹா, லூல்கந்துர என்று மலைகளைச் சுற்றி, 300 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள். அன்று தோட்டத்துரைமார் தேயிலையை இறக்குவதற்காக வெட்டிய வண்டிப் பாதைகளே பெரும்பாலும் இன்று நடைவழியாகியிருக்கின்றன.

அவனது கொப்பியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று தண்ணீர். மற்றது படுக்கை. தோட்டக் காணியில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அனுமதி வேண்டும். ஓடைகள் நிறைய உண்டு. ஆனால் மேலே தேயிலைக்கு அடித்த மருந்து கீழே ஓடையில்தானே வந்து சேரும்? அதனால் எந்த ஓடையில் அள்ளலாம், எந்த லயத்தில் குழாய் இருக்கிறது, எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்றெல்லாம் விசாரித்து எழுதியிருந்தான். ஆளுக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு மூன்று லீற்றர், அது மூன்று கிலோ, சமைக்க வேறு. அரிசியைக் குறைக்கலாம், உடுப்பைக் குறைக்கலாம். தண்ணீரைக் காயவைத்துக் கட்டிக்கொண்டு போக முடியாது. வழியில் தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளின் நடையையும் வெட்ட வேண்டியிருக்கிறது என்றான்.

எனக்கு மூத்தாப்பா நினைவுக்கு வந்தார்.

மூத்தாப்பா தூரத்தை மைலில் சொன்னதை நான் கேட்டதில்லை. இன்ன ஓயாவிலிருந்து இன்ன ஓயா வரை என்றுதான் சொல்வார். அவருடைய வாப்பா தவளக்காரர். சிறு பையனாக இருந்தபோது மூத்தாப்பாவும் இரண்டொரு தடவை தவளத்தோடு போயிருக்கிறார். எனக்கு அவர் சொன்னவற்றில் கொள்ளைக்காரர் கதையும் இல்லை, புலிக் கதையும் இல்லை. எந்தத் துறையில் மணல், எந்தத் துறையில் சேறு, எங்கே மாட்டுக்குப் புல் இருக்கும், எங்கே தண்ணீர் இருந்தும் இறங்கக்கூடாது என்பவைதான். பத்து வயதில் அது சலிப்பாக இருந்தது. இப்போது அவரிடம் கேட்க எனக்கு நூறு கேள்விகள் உண்டு.

தவளம் பற்றி எமது சஞ்சிகைகளில் ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்து பெரும்பாலும் முஸ்லிம்களின் கையில் இருந்ததையும், அதற்கென மடிகே என்ற அரச பிரிவு இருந்ததையும் பேராசிரியர் லோர்னா தேவராஜா தமது நூலில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். கலகெதரைப் பக்கத்தில் மடிகே என்றே ஊர்ப்பெயர் நிற்கிறது. புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் இடையே தவலந்தென்ன இருக்கிறது. தவளம் தங்கிய சமநிலம் என்று பொருள். இரண்டாம் இராஜசிங்கனுக்கு உதவிய மூன்று அரபிகள் கண்டிப் பெண்களை மணந்து குடியேறியதால் உண்டானது அக்குறணை என்பது எமது ஊர் வழக்காறு. அந்த மூவரின் பெருமையைப் பேசுவோர் இங்கு நிறைய. மாட்டின் பின்னால் நடந்தவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மாடு மேய்த்த குடும்பம் என்று சொல்லிக்கொள்ள இரும்புக்கடை, புடவைக்கடை முதலாளிமாருக்கு மனம் வருவதில்லை போலும்.

தவளத்தின் உள்வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அது எத்தனை நுட்பமான தொழில் என்பது விளங்கும். மலைநாட்டில் உப்பு இல்லை. அது புத்தளம், சிலாபம் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரவேண்டும். 1766இல் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்ட உடன்படிக்கையிலும், அந்த உப்பை எடுத்துக்கொள்ளும் உரிமை கண்டியாருக்கு விட்டுவைக்கப்பட்டது. உப்புப் போகும், மிளகும் பாக்கும் திரும்பி வரும். ஆனால் உப்பு மழையில் நனைந்தால் கரைந்துவிடும். ஆற்றில் மாடு ஒன்று சறுக்கினால் பொதி போயிற்று. ஆகவே மழை இல்லாத காலத்தில்தான் நடக்க வேண்டும். மழை இல்லாத காலத்தில் வழியில் தண்ணீர் இல்லை! புத்தளத்திலிருந்து குருநாகல் வரும் வரை வரண்ட பூமி. ஓயாக்கள் மணலாகக் கிடக்கும். மாடு மனிதனைப் போல ஒரு செம்பு குடித்துவிட்டு நடக்காது. அதற்கு வாளி வாளியாக வேண்டும், புல்லும் வேண்டும், அசைபோட நேரமும் வேண்டும்.

எனவே தவளக்காரனுடைய ஒரு நாள் என்பது இரண்டு தண்ணீருக்கு இடைப்பட்ட நேரம். பஜ்ர் தொழுதுவிட்டுப் பொதி ஏற்றினால் வெயில் ஏறுமுன் அடுத்த தண்ணீரை அடைந்துவிட வேண்டும். அங்கே பொதியை இறக்கிச் சுவர்போல அடுக்கி, தாளிப்பனை ஓலையால் மூடி, மாட்டை அவிழ்த்துவிட்டு, நிழலில் சாய்வார்கள். குளத்துக்கு மிக நெருங்கி இறங்கக்கூடாது என்பார் மூத்தாப்பா. இரவில் யானை குடிக்க வரும் வழி அது. தண்ணீரிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளி, சற்று மேட்டில் இறங்க வேண்டும். மருமகனிடம் இதைச் சொன்னபோது, தன் கைப்பேசியில் வாசித்த முகாம் விதிகளிலும் கரையிலிருந்து தள்ளிப் படுக்கச் சொல்லியிருக்கிறது என்றான். அங்கே காரணம் தண்ணீர் அசுத்தப்படக்கூடாது என்பது.

மார்க்கச் சட்டமும் இந்த நடையை அறிந்து வைத்திருக்கிறது. எமது ஷாபிஈ கிதாபுகளில் தயம்மும் பாடத்தை ஓதிய எல்லோருக்கும் நினைவிருக்கும்: கையில் தண்ணீர் இருந்தும், அது குடிப்பதற்குத் தேவை என்றால் வுழூவுக்குச் செலவிடாமல் மண்ணில் தயம்மும் செய்துகொள்ளலாம். கூட வருகின்ற பிராணியின் தாகமும் அந்தக் கணக்கில் சேரும். மத்ரஸாவில் ஓதியபோது எங்களுக்கு அது வெறும் மஸ்அலா. வழிப்போக்கர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது என்பது பின்னாளில்தான் எனக்குப் பட்டது.

1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கிப் பாவா ஆதம் மலைக்குப் போன கதையை வாசகர்கள் அறிவார்கள். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் அதைத் தூக்க அடிமைகளும் கொடுத்தார். வழமையாக மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசவையினர் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையும் கூட்டி அனுப்பினார். இந்தப் பட்டியலைத் தந்தவுடனேயே, அந்த வழியில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று ஒரு வசனம் எழுதிவைத்தார் இப்னு பதூதா. பாலைவனங்களைக் கடந்து வந்தவருக்கு முதலில் அதைத்தான் குறிக்கத் தோன்றியிருக்கிறது. தண்ணீர் சுமக்க ஆள் தேவைப்படவில்லை. சோற்றுக்கு மட்டுமே பதினைந்து பேர்.

கண்டிக்கு வரும் இன்னொரு பெரும் பாதைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது மன்னாரில் தொடங்குவது. அதைத் தண்ணீர்க் கணக்கோடு எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஒரு கைதி.

ரொபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகள் மறியலில் இருந்தவர். ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்யும் சாக்கில் வடக்கே போய்ப்போய்த் தப்பும் வழியைத் தேடினார். அவரைத் தடுத்தது காவலைக் காட்டிலும் வரட்சி. மூன்று நான்கு ஆண்டுகள் மழை பொய்த்துக் குளங்கள் வற்றின. இருந்த தண்ணீர் சேறு. அதைக் குடித்துக் காய்ச்சலில் விழுந்து விழுந்து திரும்பினார்கள். கடைசியில் 1679 செப்டெம்பர் 22ஆம் திகதி தோழர் ஸ்டீபன் ரட்லண்டுடன் புறப்பட்டார். என்ன கொண்டு போனார்கள் என்பதை விலாவாரியாக எழுதியிருக்கிறார். அரிசி, இறைச்சி, சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீர் அள்ளச் சுரைக்குடுவை இரண்டு, கூடாரமாக விரிக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலைகள், கருப்பட்டி, வெற்றிலை, தீ மூட்டும் சாமான். மருமகனின் கொப்பியில் இருந்ததும் ஏறத்தாழ இதே பட்டியல்தான், வெற்றிலையைத் தவிர.

நொக்ஸ் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. அநுராதபுரத்துக்கு அப்பால் பாதையை விட்டுவிட்டு மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டார். எமது மன்னார்ச் சகோதரர்கள் அருவி ஆறு என்று சொல்வது அதையே. ஆற்றோடு போனால் வழி தவறாது, தாகமும் எடுக்காது. ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தார்.

இனி வருவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நொக்ஸ் போய் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அவர் வெளியேறிய அதே திசையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் உள்ளே வரத் தொடங்கினர். 1820களில் கம்பளைப் பக்கத்துச் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டார். கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே நட்டார். 1840களில் கண்டியைச் சுற்றிய மலைகளெல்லாம் கோப்பி. ஆள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். கரை வரை நடந்து, தோணியில் மன்னாருக்கோ அரிப்புக்கோ வந்து இறங்கி, அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுக்குள் நடக்க வேண்டும். வடபாதை என்று அதற்குப் பெயர்.

காலத்தைக் கவனியுங்கள். கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் பிற்பகுதியில். அதற்குமுன் ஆள் வந்து சேர வேண்டும். அப்படியானால் ஆடி ஆவணியிலேயே நடக்கத் தொடங்க வேண்டும். அந்தப் பிரதேசத்தில் மே முதல் செப்டெம்பர் வரை மழை இல்லை. தவளக்காரன் உப்புக்காக வரண்ட காலத்தைத் தேர்ந்தான். ஆனால் வழியை அறிந்து, மாட்டோடு, தன் நேரத்தில் போனான். இவர்களுடைய காலத்தைத் தேர்ந்தது கோப்பிப் பழம். வழி தெரிந்தவர் கங்காணி ஒருவரே. பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அந்தப் பூமியில் தண்ணீர் இல்லாமல் இல்லை. குளங்களின் நாடல்லவா அது! ஆனால் அவற்றுள் எத்தனையோ அன்று உடைந்து கிடந்தன. வடபாதையின் வாசலில் இருக்கும் கட்டுக்கரைக் குளம், இலங்கையின் மிகப் பெரிய குளங்களில் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் திருத்தப்பட்டது. உடையாத சிறு குளங்களில் கோடையில் எஞ்சுவது எருமை புரண்ட கலங்கல். நொக்ஸைக் காய்ச்சலில் தள்ளிய அதே தண்ணீர். இம்முறை அதில் வாந்திபேதியும் கலந்தது. முன்னே போன கூட்டத்தில் ஒருவனுக்குக் கண்ட நோய், அவன் இறங்கிய குளத்தில் மறுநாள் இறங்கிய கூட்டத்துக்கு வந்தது. கிணறு என்பது வாந்திபேதிக்கு எதிரான ஆயுதம் என்பதை அந்த நாளில் பெரிய வைத்தியர்களே தெளிவாக அறிந்திருக்கவில்லை என்பது உண்மைதான். தாகத்துக்குக் கிணறு வேண்டும் என்பதை அறிய வைத்தியம் படிக்க வேண்டியதில்லை.

நடக்க முடியாதவர்கள் வழியில் விடப்பட்டார்கள். ஒருவருக்காக ஒரு நாள் தரித்தால் மற்றவர்களின் அரிசி தீரும், அடுத்த தண்ணீர் தள்ளிப்போகும் என்பது கங்காணியின் கணக்கு. 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை, 1841 முதல் வந்தவர்களில் நான்கில் ஒருவர், ஏறத்தாழ 70,000 பேர், இறந்துபோனதாக எழுதியது. தோட்டங்களில் இறந்தோரும் அதில் அடக்கம். திரும்பிப் போனவர்கள் ஒழுங்காக எண்ணப்படாததால் இந்தத் தொகையை அப்படியே ஏற்கப் பின்வந்த ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். தயங்குவது நியாயமே. ஆனால் எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லாத ஒரு பாதை என்பதல்லவா அதன் பொருள்?

அரசாங்கம் என்ன செய்தது? இது தோட்டத்துரைமாரின் ஆட்கள், அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. துரைமார், பாதை அரசாங்கத்தினுடையது, கொட்டிலும் கிணறும் அரசாங்கமே போட வேண்டும் என்றார்கள். இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1858இல்தான் குடிவரவுத் தொழிலாளர் விடயத்தைக் கவனிக்கச் சட்டப்படி ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் பின்னர் சிறிது சிறிதாக வழியில் தங்கற் கொட்டில்களும் கிணறுகளும் நோயாளர் விடுதிகளும் வந்தன. முதல் கோப்பி நட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது.

இங்கே ஸுபைதா நாயகியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹாரூன் அர்-ரஷீதின் மனைவியான அவர், 831இல் மறைந்தவர். கூஃபாவிலிருந்து மக்கா வரை ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் ஹஜ் பாதையில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைவதற்குப் பெரும் பொருளைக் கொட்டியவர் என்பதால் அந்தப் பாதைக்கே அவர் பெயர் நிலைத்தது. வெள்ளத்தைப் பிடித்து வடித்துத் தேக்கும் அந்தக் கல்தொட்டிகள் சிலவற்றில் இன்றும் மழைநீர் நிற்கிறது. அரண்மனையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, பாலைவனத்தில் நடப்பவனின் ஒரு நாள் எவ்வளவு என்பது தெரிந்திருந்தது. அல்லது தெரிந்தவர்களிடம் கேட்கத் தெரிந்திருந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து, நீராவி இயந்திரம் வைத்திருந்த ஓர் ஆட்சிக்கு மன்னாரிலிருந்து மாத்தளை வரை சில கிணறு வெட்ட முப்பது ஆண்டு எடுத்தது.

இப்படி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைப்பது எளிது. எமது வரலாற்றுக் கட்டுரைகளில் நாம் வழமையாகச் செய்வதும் அதுவே. ஸுபைதாவைக் காட்டி வெள்ளைக்காரனைக் குறை சொல்வோம். மாத்தளையிலிருந்து மேலே, கண்டி, ஹந்தானை, புசல்லாவை என்று போன கூட்டங்கள் எந்த வழியாகப் போயின? பலகடுவைக் கணவாயைத் தாண்டி, அலவத்துகொடையைக் கடந்து, பிங்கா ஓயாவின் ஓரமாக எங்கள் அக்குறணைக்குள்ளால். யாழ்ப்பாணத்தோடு சேர்த்தே எல்லோரும் சொல்கின்ற ஏ-9 வீதி எங்கள் கடைத்தெருவும்தான். அவர்கள் எங்கள் திண்ணைகளுக்கு முன்னால் நடந்து போனார்கள். வழியின் ஒவ்வொரு தண்ணீரையும் பெயர் சொல்லி அறிந்திருந்த தவளக்காரர்கள் அந்தத் திண்ணைகளில் இருந்தார்கள். அரசனுக்கு உப்புச் சுமந்ததை எழுதி வைத்திருக்கிறோம். இவர்களுக்கு என்ன செய்தோம்?

எழுத்தில் நான் ஒன்றும் காணவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய்மொழி உண்டு. மூத்தும்மா சொன்னது, தன் உம்மாவைப் பற்றி. வெயில் காலத்தில் திண்ணையின் ஓரத்தில் ஒரு பெரிய மண்பானை தண்ணீரும் ஒரு சிரட்டை அகப்பையும் வைத்திருப்பாராம். “தோட்டத்துக்குப் போற சனங்க” வந்து நிற்பார்கள். கையை ஏந்துவார்கள். உம்மா அகப்பையால் மொண்டு உயரத்திலிருந்து கையில் ஊற்றுவாராம். பிள்ளைகளுக்குக் கருப்பட்டித் துண்டு ஒன்றும் கொடுப்பாராம். இதை மூத்தும்மா பெருமையோடுதான் சொல்வார். நானும் பல காலம் பெருமையோடுதான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் யோசித்தேன். ஏன் உயரத்திலிருந்து? தவளக்காரர்கள் வந்தால் செம்போடு கொடுத்த கை அது. வாந்திபேதிப் பயமா? அப்படியிருக்கலாம், அந்தப் பயத்தால் வழியோரக் கிராமங்கள் இந்தக் கூட்டங்களைக் கிட்ட அண்டவிடவில்லை. அல்லது வேறொன்றா? ஏந்திய கைக்குத் தண்ணீர் உண்டு, பாத்திரம் இல்லை என்ற வழக்கம் எமது மார்க்கத்தில் இல்லை. ஆனால் இந்த நாட்டில் இருந்தது. நாம் இந்த நாட்டில் இருந்தோம். மூத்தும்மாவிடம் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். எனக்கு அப்போது பத்து வயது, கருப்பட்டித் துண்டு மட்டுமே காதில் விழுந்தது.

நோயும் நடையும் சேர்ந்த அந்தப் பாதை 1899இல் மூடப்பட்டது. இந்தியாவில் பிளேக் பரவியதுதான் காரணம். அதன் பின்னர் ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து, இராகமை முகாமில் தங்கி, ரயிலில் மலையேறினார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் ரயிலும் இணைந்தன. தவளமும் அதற்கு முன்பே தேய்ந்துவிட்டது. கொழும்பு–கண்டி வீதியில் வண்டிகளும், 1867இல் ரயிலும் வந்தன. 1880இல் மாத்தளைக்கும் ரயில் போயிற்று. பொதிமாடு உள்ளூர் மலைத்தடங்களுக்கு ஒதுங்கியது. எமது ஆட்கள் கடை போட்டார்கள்.

வடபாதையின் காட்டில் பிறகும் மக்கள் நடந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தீவுப்பகுதி மக்கள் படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். பெருநிலப்பரப்பில் இருந்தவர்கள் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். நொக்ஸ் போய்ச் சேர்ந்த அரிப்புக்குப் பக்கத்தில்தான் சிலாவத்துறை. அந்தப் பக்கத்துத் தாய் ஒருவர் புத்தளத்தில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, விட்டுவந்த வீட்டைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது ஒரு கேத்தலைப் பற்றி. அவசரத்தில் கையில் எடுத்தது அது ஒன்றுதானாம். வழியில் கண்ட நீரையெல்லாம் அதில் பிடித்து முந்தானையால் வடித்து ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மூடியால் அளந்து கொடுத்தாராம். “எங்கட பிள்ளைகள் மட்டுமில்ல, வந்த பிள்ளைகள் எல்லாம்” என்றார்.

2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவில், ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர், பதினாறு நாள். மூதாதையர் நடந்த அதே வரண்ட மாதம், அதே வழி. நாளொன்றுக்குச் சராசரி பதினாறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

முடிவு நாளன்று நானும் மாத்தளைக்குப் போயிருந்தேன். வெயில் கடுமை. வந்தவர்களில் என் வயதொத்த ஒருவர், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வழியில் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கூடவே வாகனம் வந்தது, போத்தல் போத்தலாகக் கொடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு, “ஐயா, ஒரு இடத்துல நானா வாங்காம கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். எப்படி இருக்கும்னு பார்க்க. ரெண்டு மணிநேரம் முடியல” என்றார். கையிலிருந்த போத்தலை என் பக்கம் நீட்டினார். வாங்கி வாய்வைத்துக் குடித்தேன். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

மருமகனும் நண்பர்களும் பீக்கோ வழியில் முதல் ஆறு கட்டங்களை நடந்து முடித்துத் திரும்பி வந்தார்கள். அட்டைக்கடி நிறைய. கொப்பியில் தண்ணீர் என்று எழுதிய நிரலில் பாதியை வெட்டித் திருத்தியிருந்தான். மழை வந்து கிடந்த ஓடைகள் கலங்கிவிட்டன. வரைபடத்தில் இல்லாத லயங்களில்தான் தண்ணீர் கிடைத்தது. ஒவ்வொரு லயத்திலும் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்களாம். தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். அந்த வீடுகளில் குழாய் இருந்ததா என்று கேட்டேன். சில இடங்களில் ஒரு வரிசைக்கு ஒரு குழாய், சில இடங்களில் கீழே இறங்கி ஊற்றில் அள்ளி வருகிறார்கள் என்றான். அதை நிரலில் குறித்தாயா என்றேன். குறித்திருந்தான், எத்தனை படி இறங்க வேண்டும் என்பது உட்பட.

எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கடை. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் அக்குறணைக் கடைத்தெரு தாழ்வதை எல்லோரும் அறிவார்கள். அப்படியொரு வெள்ளம் வடிந்த மறுநாள் பின்பக்கத்தில் சேறு அள்ளியவர்கள், மண்ணுக்குள் ஒரு நீளமான கல்தொட்டி இருப்பதாக எனக்கு ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன். தவள மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி. ஒரு பக்க விளிம்பு மாட்டுக் கழுத்துகள் உரசி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. திண்ணை இருந்த பக்கமாக அதன் தலைமாட்டில், பானை வைப்பதற்குக் கொத்திய வட்டமான பள்ளம் ஒன்றும் இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நாலு பேர் பிடித்தும் அசையவில்லை. சேற்றைக் கழுவிவிட்டு அங்கேயே விட்டிருக்கிறோம். அடுத்த மழை வரை அது வெளியில் தெரியும்.